உறிஞ்சும் பம்பா, தள்ளும் பம்பா?

மாணவ நண்பர்களே, நான் உங்கள் வயதில் இருந்தபோது எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் கோடைதோறும் பழுதாகும். கிணற்றின் மேல் மேடையில் மோட்டாரும் பம்பும் இருந்தன. நீர்மட்டம் இறங்க இறங்க, பம்புக்குள் கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஓசை கேட்கும். பிறகு தண்ணீர் விட்டு விட்டு வரும். கடைசியில் நின்றுவிடும். என் தந்தை பம்பைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போவார். பழுது பார்த்துப் பொருத்துவார். அடுத்த கோடையில் அதே ஓசை, அதே செலவு.

மூன்றாம் முறை புது மோட்டாரே வாங்கிவிடலாம் என்று தந்தை முடிவு செய்தார். அப்போது மோட்டார் பழுது பார்க்கும் மெக்கானிக் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "புது மோட்டாரு வாங்கினாலும் இதே கதைதானுங்க. மோட்டாருல குறையில்லை, அது இருக்கிற இடத்துலதான் குறை. கீழே இறக்கி வையுங்க."

கிணற்றுக்குள் பத்தடி கீழே ஒரு திட்டு அமைத்து அதே பழைய மோட்டாரை இறக்கி வைத்தோம். பல கோடைகள் அது ஓடியது.

கெட்டுப்போன ஒரு பொருளுக்கு மாற்று வாங்குவதற்கு முன், அது ஏன் கெட்டது என்று கேட்க வேண்டும். இந்தச் சிறிய பாடத்தை மிகப் பெரிய செலவில் கற்றுக் கொண்டவர்கள் அமெரிக்காவில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் டீசல் பிக்கப் லாரி வைத்திருந்தவர்கள். அவர்களுடைய சிக்கலை இன்று நாம் இயற்பியல் கண்கொண்டு பார்ப்போம்.

இரண்டு பம்புகள்

பிக்கப் லாரி என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் உள்ள சிறு லாரி. அமெரிக்காவில் பண்ணைக்காரர்களும் கட்டட வேலை செய்வோரும் இதைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். குதிரை, படகு, வைக்கோல் கட்டு ஆகியவற்றை ஏற்றிய இழுவை வண்டியைப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்வார்கள். இத்தகைய வேலைக்கு டீசல் எஞ்சின் ஏற்றது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். சிலிண்டருக்குள் காற்று மட்டும் முதலில் புகுகிறது. பிஸ்டன் அதை ஏறத்தாழ 16இல் ஒரு பங்கு கன அளவுக்கு நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவது போல, நெருக்கப்பட்ட காற்றும் சூடாகிறது. அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்த நொடியில் டீசலை மென்துளிகளாகப் பீச்சினால் அது தானே பற்றிக் கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1890களில் உருவாக்கிய இந்த முறைதான் இன்றும் நடைமுறையில் உள்ளது.

அவ்வளவு நெருக்கப்பட்ட காற்றுக்குள் டீசலைப் பீச்ச மிகப் பெரிய அழுத்தம் வேண்டும். அதைத் தருவது செலுத்துப் பம்பு. பட்டறைகளில் இதை எஃப்.ஐ. பம்பு என்பார்கள். நாம் பார்க்கப்போகும் வண்டியில் இது ஆயிரம் வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய அழுத்தத்தை உண்டாக்கக் கூடியது. இதன் உள் உறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. நம் தலைமுடியின் தடிமனில் அது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆனால் டீசல் தொட்டி வண்டியின் நடுப்பகுதிக்குக் கீழே அல்லது பின்புறம் இருக்கிறது. எஞ்சின் முன்புறம் இருக்கிறது. தொட்டியிலிருந்து செலுத்துப் பம்பு வரை டீசலைக் கொண்டு சேர்க்க இன்னொரு சிறிய பம்பு தேவை. இதுவே ஊட்டுப் பம்பு. நம் மெக்கானிக்குகள் இதை ஃபீடு பம்பு என்பார்கள். குழந்தைக்குத் தாய் ஊட்டுவது போலச் செலுத்துப் பம்புக்கு இது டீசலை ஊட்டுகிறது.

நம் வயல்களில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்களைப் பார்த்திருப்பீர்கள். பலவற்றில் டீசல் தொட்டி எஞ்சினுக்கு மேலேயே இருக்கும். டீசல் தன் எடையாலேயே கீழிறங்கி வரும். அங்கே ஊட்டுப் பம்புக்கு வேலை இல்லை. வேகமாக ஓடும் பெரிய வண்டிக்கு இது போதாது. ஏன் என்பதைப் பிறகு கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஓசையின்றி இறக்கும் பம்பு

1998ஆம் ஆண்டின் இடையிலிருந்து 2002 வரை வெளிவந்த டாட்ஜ் ராம் டீசல் பிக்கப்பை எடுத்துக் கொள்வோம். இதில் 5.9 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. செலுத்துப் பம்பு பாஷ் நிறுவனத்தின் வி.பி.44 என்ற வகை. இதற்கு முன் 1994 முதல் இருந்த பி.7100 என்ற வகைப் பம்பு எஞ்சின் ஆயிலால் மசகிடப்பட்டது. வி.பி.44 அப்படியல்ல. அதற்குள் உரசும் உறுப்புகளுக்கு டீசல்தான் மசகு எண்ணெய். அதன் மேல் பொருத்திய மின்னணுச் சாதனத்தைக் குளிர்விப்பதும் டீசல்தான்.

இதன் பொருள் என்ன? ஊட்டுப் பம்பு எரிவதற்கு வேண்டிய டீசலை மட்டும் தந்தால் போதாது. எரிவதை விட அதிகமான டீசல் செலுத்துப் பம்பின் வழியே ஓடி, அதன் சூட்டை எடுத்துக் கொண்டு, மீண்டும் தொட்டிக்குத் திரும்ப வேண்டும்.

வி.பி.44க்குள் டீசலை இழுத்துக் கொள்ள ஒரு சிறு உட்பம்பும் உண்டு. ஆகவே ஊட்டுப் பம்பு நலிந்தாலும், நின்றே போனாலும்கூட, வண்டி சில காலம் ஓடிக் கொண்டிருக்கும்! ஓட்டுநர் அறையில் டீசல் ஊட்டழுத்தத்தைக் காட்டும் மானி இல்லை. எனவே ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. செலுத்துப் பம்பு மட்டும் மசகும் குளிர்ச்சியும் குறைந்து உள்ளே தேய்ந்து கொண்டிருக்கும். ஒரு நாள் மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்காது. சூடான எஞ்சின் மறுபடி கிளம்பாது. அப்போது போகும் பொருளின் விலை ஊட்டுப் பம்பின் விலையைப் போலப் பல மடங்கு.

இப்போது உங்களிடம் ஒருவர் வந்து, "என் வண்டியின் ஊட்டுப் பம்பு போய்விட்டது; எதை வாங்கட்டும்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கடையில் பல பம்புகள் இருக்கின்றன. பழையதைப் போன்றதே எஞ்சினில் பொருத்த ஒன்று. தொட்டிக்குள் மூழ்க வைக்க ஒன்று. தொட்டிக்கு அருகே வண்டியின் சட்டத்தில் பொருத்த ஒன்று. மின்சாரமே இல்லாமல் எஞ்சின் பெல்ட்டால் சுழல ஒன்று. பெட்டிகளின் மேல் பெரிய பெரிய எண்கள். பெரிய எண் உள்ளதை வாங்கிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். முதலில் கணக்குப் போடுவோம்.

எவ்வளவு டீசல் வேண்டும்?

இந்த எஞ்சினின் பெருமத் திறன் சுமார் 180 கிலோவாட். டீசல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை வேலையாக மாற்றுகிறது என்று கொள்வோம். அப்படியானால் நொடிக்கு வேண்டிய வெப்ப ஆற்றல் 180 ÷ 0.4 = 450 கிலோஜூல். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் சுமார் 36,000 கிலோஜூல். எனவே நொடிக்கு 450 ÷ 36,000 = 0.0125 லிட்டர். இதை 3,600ஆல் பெருக்கினால் மணிக்கு 45 லிட்டர் ஆகிறது.

முழுச் சுமையோடு முழு வேகத்தில் ஓடினால்கூட எரிவது இவ்வளவுதான். குளிர்விக்கத் திரும்பும் டீசலையும் சேர்த்தால் தேவை மணிக்கு நூறு லிட்டரைத் தாண்டும். கடைகளில் மணிக்கு 100 காலன், 150 காலன் என்றெல்லாம் குறிக்கப்பட்ட பம்புகள் விற்கின்றன. அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். ஆகவே 150 காலன் என்பது 568 லிட்டர்! எஞ்சினின் திறனைப் பெரிதும் கூட்டிக் கொண்டவர்களுக்கு அது வேண்டியிருக்கலாம். சாதாரண வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை என்பதை உங்கள் கணக்கே சொல்லிவிட்டது.

பெட்டியில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு வாளியில் பிடித்தால் தண்ணீர் விரைவாக நிரம்புகிறது. அதே குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் அழுத்தம் கூடுகிறது. வாளி நிரம்ப அதிக நேரம் ஆகிறது. பம்பும் அப்படித்தான். எதிர்ப்பு இல்லாதபோது அது தரும் அளவு வேறு. அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும்போது தரும் அளவு வேறு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். 'அ' என்ற பம்பு தடையின்றி ஊற்றும்போது மணிக்கு 300 லிட்டர் தருகிறது. ஒரு வளிமண்டல அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும்போது 100 லிட்டர்தான் தருகிறது. 'ஆ' என்ற பம்பு தடையின்றி 250 லிட்டரும், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 200 லிட்டரும் தருகிறது. பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குபவர் 'அ'வை வாங்குவார். இயற்பியல் படித்தவர் 'ஆ'வை வாங்குவார். "எந்த அழுத்தத்தில் இத்தனை லிட்டர்?" என்று கேட்காமல் எந்தப் பம்பையும் வாங்கக் கூடாது.

நம் வண்டிக்கு எந்த அழுத்தம் வேண்டும்? இதை முடிவு செய்வது செலுத்துப் பம்பு. வி.பி.44இல் உள்ள திரும்பு வால்வு சுமார் 14 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் திறக்கிறது. பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலத்தின் மேல் இத்தனை பவுண்டு விசை என்பதைக் குறிக்கும். வளிமண்டல அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதாவது சுமார் 101 கிலோபாஸ்கல். எஞ்சின் எந்த நிலையில் ஓடினாலும் ஊட்டழுத்தம் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும் என்பது இந்த வண்டிகளைப் பழுது பார்ப்போரின் பட்டறிவு. குறைந்தால் செலுத்துப் பம்பு தேயும். மிகவும் கூடினால் அதன் அடைப்புகள் கசியக் கூடும்.

பழைய பி.7100 பம்புக்கோ இதைவிடக் கூடுதலான ஊட்டழுத்தம் வேண்டும். ஒரே பெயருள்ள வண்டி, ஒரே அளவுள்ள எஞ்சின் என்பதற்காக 1996ஆம் ஆண்டு வண்டியின் பம்பை 2000ஆம் ஆண்டு வண்டிக்குப் பொருத்த முடியாது. பெட்ரோல் வண்டியின் பம்பும் உதவாது. டீசல் பெட்ரோலை விடப் பாகுநிலை மிக்கது. பெட்ரோலுக்கென்று செய்த பம்பு அதைத் தள்ளித் தள்ளியே ஓய்ந்துவிடும்.

முன்பு ஒதுக்கி வைத்த கேள்விக்கு இப்போது வருவோம். தொட்டியை மேலே வைத்து இந்த அழுத்தத்தைப் பெற முடியாதா? P = hρg என்ற வாய்பாட்டில் P = 1,00,000 பாஸ்கல், ρ = 830, g = 9.8 எனப் போட்டுப் பாருங்கள். h சுமார் 12 மீட்டர் வருகிறது. அதாவது டீசல் தொட்டியை நான்கு மாடி உயரத்தில் தூக்கி வைத்துக் கொண்டு வண்டி ஓட்ட வேண்டும்! பம்பு ஏன் தேவை என்பது இப்போது புரிந்திருக்கும்.

உறிஞ்சுவது என்று ஒன்று இல்லை

இனி நம் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். முதலில் இந்த வண்டியில் ஊட்டுப் பம்பு எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. தொட்டி தொலைவில். ஆகவே பம்பு டீசலை உறிஞ்ச வேண்டியிருந்தது.

உறிஞ்சுதல் என்பது நம் பேச்சு வழக்கு. இளநீரை உறிஞ்சும்போது நீங்கள் உண்மையில் செய்வது வாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பதுதான். இளநீரின் மேல் அழுத்தும் வளிமண்டலமே அதைக் குழலுக்குள் தள்ளி மேலேற்றுகிறது. பம்பும் அவ்வாறே. அது எவ்வளவு வலியதாயினும் ஒரு வளிமண்டலத்துக்கு மேல் உறிஞ்ச முடியாது. தண்ணீரானால் 10.3 மீட்டர் உயரமே எல்லை. நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர்தான். தள்ளுவதற்கு இத்தகைய எல்லை கிடையாது. எங்கள் கிணற்று மோட்டார் கோடையில் தவித்ததும், ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டாரையே நீருக்குள் மூழ்க வைப்பதும் இதனால்தான்.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். எழுந்திருந்தால் நீங்கள் நல்ல மாணவர். "ஐயா, வண்டியில் தொட்டிக்கும் பம்புக்கும் உயர வேறுபாடு அரை மீட்டர்தானே இருக்கும்? அதற்கு 4 கிலோபாஸ்கல் போதுமே. அது வளிமண்டல அழுத்தத்தில் 25இல் ஒரு பங்குதானே?" சரியான கேள்வி. உயரம் இங்கே குற்றவாளி அன்று. குற்றவாளிகள் வேறு நால்வர்.

முதலாவது, வழியில் உள்ள தடைகள். தொட்டிக்குள் உள்ள வலை, குழாயின் வளைவுகள், இணைப்புத் திருகுகளில் உள்ள சிறு துளைகள் ஆகிய எல்லாம் அழுத்தத்தைத் தின்கின்றன. வலையில் அழுக்குச் சேரச் சேர இந்த இழப்பு கூடுகிறது. குளிர்காலத்தில் டீசலின் பாகுநிலை உயர்ந்துவிடுவதால் மேலும் கூடுகிறது. சீராக ஓடும் நீர்மத்துக்கு, குழாயின் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்து ஓட்டம் அமையும் என்பது புவாசே விதி. குழாயின் விட்டத்தை எட்டில் மூன்று அங்குலத்திலிருந்து அரை அங்குலமாக்கினால் ஓட்டம் மும்மடங்குக்கு மேலாகும். புதுப் பம்போடு அகலமான குழாயையும் சேர்த்துத் தருவது இதற்காகத்தான்.

இரண்டாவது, கரைந்துள்ள காற்று. சோடாப் புட்டியைத் திறந்தால் அழுத்தம் குறைந்து குமிழிகள் பொங்குகின்றன அல்லவா? டீசலிலும் காற்று கரைந்திருக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் அது குமிழிகளாக வெளிப்படுகிறது. குமிழிகள் பம்புக்குள் நொறுங்கும்போது அதன் உறுப்புகளை அரிக்கின்றன. எங்கள் கிணற்றுப் பம்பில் கூழாங்கல் உருளும் ஓசையாகக் கேட்டதும் நீராவிக் குமிழிகள் நொறுங்கும் ஓசையே. மேலும் காற்றுக் குமிழி மசகிடாது, குளிர்விக்காது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கசிவு. தள்ளும் பக்கத்தில் குழாய் விரிசல் விட்டால் டீசல் சொட்டும். தரையில் கறை தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் விட்டால் உள்ளே அழுத்தம் குறைவு. ஆகவே டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரை உலர்ந்தே இருக்கும். நோய் இருக்கிறது, அறிகுறி இல்லை.

நான்காவது, அதிர்வும் வெப்பமும். எஞ்சினின் உடலோடு ஒட்டியிருக்கும் மின்மோட்டார் அதன் எல்லா நடுக்கத்தையும் சூட்டையும் தாங்க வேண்டியிருக்கிறது.

இப்போது மலைமேல் போவோம். கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப் பாதையில் 3,400 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. அங்கே வளிமண்டல அழுத்தம் சுமார் 67 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. இழுவை வண்டியை மாட்டிக் கொண்டு மேட்டில் ஏறும் பிக்கப்புக்கு டீசல் தேவை உச்சத்தில் இருக்கிறது. டர்போ பொருத்திய எஞ்சின் ஆகையால் உயரத்தில் அந்தத் தேவை பெரிதாகக் குறைவதும் இல்லை. ஆனால் டீசலைத் தள்ளிவிட வேண்டிய வளிமண்டலமோ இளைத்துவிட்டது. சமவெளியில் தட்டுத் தடுமாறி ஓடிய பம்பு இங்கே தோற்றுப் போவதில் வியப்பில்லை.

பழைய பம்பைப் போன்ற இன்னொன்றை அதே இடத்தில் பொருத்தினால் என்ன ஆகும்? எங்கள் மெக்கானிக் சொன்னதுதான்: இதே கதைதான். தயாரிப்பாளர்களும் இந்த முடிவுக்கே வந்தார்கள். பின்னாளில் இவ்வண்டிகளுக்கு மாற்றாகத் தொட்டிக்குள் வைக்கும் பம்பு தரப்பட்டது. 2005ஆம் ஆண்டு வகை முதல் ராம் டீசல் வண்டிகள் தொட்டிக்குள் ஊட்டுப் பம்பு கொண்டே வெளிவந்தன. கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கியது போலத்தான்!

வடிகட்டி, கம்பி, மானி

தொட்டிக்குள் அல்லது தொட்டிக்கு அருகில் பம்பை வைப்பது என்று முடிவு செய்தாயிற்று. இன்னும் மூன்று செய்திகள் உள்ளன.

வடிகட்டியை எங்கே வைப்பது? செலுத்துப் பம்பின் மைக்ரான் இடைவெளிகளைக் காக்க மிக நுண்ணிய வடிகட்டி வேண்டும். அதைப் பம்புக்கு முன்னால் வைத்தால் மீண்டும் உறிஞ்சும் பக்கத்தில் தடை. ஆகவே பம்புக்கு முன் பெருங்கண் வலை. பம்புக்குப் பின் நுண் வடிகட்டி. நுண்மையான தடையை உறிஞ்சிக் கடக்காமல் தள்ளிக் கடக்கச் செய்வதே முறை.

மின்கம்பி எவ்வளவு தடிமன்? பம்பு தொட்டிக்குப் போனால் கம்பியின் நீளமும் கூடுகிறது. போக 5 மீட்டர், வர 5 மீட்டர், ஆக 10 மீட்டர் செம்புக் கம்பி. குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். மின்னோட்டம் 10 ஆம்பியர் என்று கொள்வோம். கம்பியின் மின்தடை சுமார் 0.17 ஓம். V = IR என்பதால் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் 10.3 வோல்ட்தான் மோட்டாருக்குக் கிடைக்கும், அது மெதுவாகச் சுழலும், அழுத்தம் விழும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 0.43 வோல்ட் மட்டுமே. நல்ல பம்பை வாங்கி மெல்லிய கம்பியில் இணைத்துவிட்டுப் பம்பைக் குறை சொல்பவர்கள் உண்டு.

இன்னொன்று. இந்த வண்டியில் பழைய சிறு பம்புக்கு எஞ்சினின் கணிப்பொறியே மின்சாரம் தந்தது. அதிக மின்னோட்டம் எடுக்கும் பம்பை அதனோடு நேராக இணைத்தால் கணிப்பொறி கெடும். பேட்டரியிலிருந்து ஃபியூசும் ரிலேயும் வழியாகத் தனிக் கம்பி தர வேண்டும். கணிப்பொறி அந்த ரிலேயை இயக்கினால் போதும். அப்போது எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். விபத்தில் குழாய் அறுந்தால் பம்பு தொடர்ந்து டீசலைக் கொட்டிக் கொண்டிருக்கக் கூடாது அல்லவா? பெல்ட்டால் சுழலும் பம்புக்கு இந்த மின் தொல்லைகள் இல்லை. ஆனால் அது எஞ்சின் அருகிலேயே இருப்பதால் பழையபடி உறிஞ்ச வேண்டியிருக்கிறது. எதிலும் ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, மானி. பம்பை மாற்றியபின், செலுத்துப் பம்பின் வாயிலுக்கு அருகே ஓர் அழுத்த மானியைப் பொருத்தி, ஓட்டுநர் பார்க்கும்படி வைக்க வேண்டும். சும்மா நிற்கும்போது அளந்தால் போதாது; சுமையோடு மேட்டில் ஏறும்போது அளக்க வேண்டும். தொட்டிக்குள் வைத்த பம்பானாலும் அழுத்தம் போதாமல் இருக்கலாம். மானி ஒன்றே அதைச் சொல்லும். இந்த எளிய கருவி தொடக்கத்திலேயே கண்ணெதிரில் இருந்திருந்தால் எத்தனையோ செலுத்துப் பம்புகள் பிழைத்திருக்கும்.

டீசலின் மசகுத் தன்மை

டீசலே மசகு எண்ணெயாகவும் இருக்கும்போது அதன் தரமும் முக்கியம். காற்று மாசைக் குறைக்க டீசலில் உள்ள கந்தகத்தை நீக்குகிறார்கள். அமெரிக்காவில் 2006 முதல் நெடுஞ்சாலை வண்டிகளுக்கான டீசலில் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் கந்தகம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 டீசலில் இந்த அளவு 10 பங்கு. கந்தகத்தை நீக்கும் முறையில், மசகுத் தன்மை தரும் வேறு சில சேர்மங்களும் சேர்ந்து போய்விடுகின்றன. அதை ஈடு செய்ய மசகுப் பொருளைத் தனியே சேர்க்கிறார்கள்.

போதுமா என்று எப்படி அறிவது? 60 டிகிரி செல்சியஸ் டீசலுக்குள் ஒரு சிறு எஃகுக் குண்டை எஃகுத் தகட்டின் மேல் 75 நிமிடங்கள் உரச விடுகிறார்கள். குண்டில் ஏற்படும் தேய்மானத் தழும்பை நுண்ணோக்கியால் அளக்கிறார்கள். தழும்பின் விட்டம் அமெரிக்க விதிப்படி 520 மைக்ரானுக்கு மேலும், இந்திய விதிப்படி 460 மைக்ரானுக்கு மேலும் போகக் கூடாது. எவ்வளவு எளிய சோதனை!

நீங்களே செய்து பாருங்கள்

ஊசி இல்லாத புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் பாதி அளவு குழாய்த் தண்ணீரை ஏற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். முனையை விரலால் இறுக அடைத்துக் கொண்டு தண்டை வலிந்து பின்னால் இழுங்கள். தண்ணீருக்குள் குமிழிகள் தோன்றுவதைக் காண்பீர்கள். தண்டை விட்டுவிட்டால் பெரும்பாலானவை மறைந்துவிடும். உறிஞ்சும் பம்பின் துன்பம் இதுவே.

அடுத்து, ஓர் உறிஞ்சுகுழலின் நடுவில் குண்டூசியால் துளையிட்டு மோர் குடித்துப் பாருங்கள். உறிஞ்சும்போது துளை வழியே மோர் ஒழுகாது; உங்கள் வாய்க்குக் காற்றுத்தான் வரும். அதே குழலை மோரால் நிரப்பி வாயால் ஊதித் தள்ளுங்கள். இப்போது துளை வழியே மோர் பீச்சும். சட்டையைப் பார்த்துக் கொள்ளுங்கள்!

உங்கள் வீட்டு மோட்டாரோ தெருமுனைப் பட்டறையில் நிற்கும் வண்டியோ அடுத்த முறை பழுதாகும்போது, புதுப் பொருளின் விலையைக் கேட்பதற்கு முன், "பழையது ஏன் கெட்டது?" என்று கேளுங்கள். மெக்கானிக் உங்களை வியப்போடு பார்ப்பார். நல்ல மெக்கானிக்காக இருந்தால், உட்கார வைத்துச் சொல்லியும் தருவார். எனக்கு ஒருவர் அப்படிச் சொல்லித் தந்தார்.